பொட்டில் ஓடிய ரேகை

காலையில் மங்கையற்கரசி வைத்துவிட்ட பொட்டில், மத்தியானம் கைரேகை தெரிந்தது. பிள்ளையின் இடது கன்னத்தில் மிளகளவாக வைத்த கறுப்பு, ஒரு பெருவிரல் நுனியளவுக்குப் பரந்து கிடந்தது. அதற்குள் மெல்லிய வளையங்கள் ஓடின. அவள் வைத்தது தீக்குச்சி முனையால். விரல் படவேயில்லை.

புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டில், டோர்செட் பார்க் தொடர்மாடியொன்றின் பதினோராம் மாடி, தொண்ணூற்றாறாம் ஆண்டுப் பெப்ரவரி. பனி யன்னலை மூடியிருக்க, ஹீற்றர் சீறிக்கொண்டிருந்தது. ஏழு வருடம் ஏங்கி, இரண்டைக் கருவிலேயே பறிகொடுத்து, முப்பத்தொரு நாளுக்கு முன் பெற்ற பிள்ளை. கண்ணூறு பட்டுவிடுமோ என்று அவள் பயந்த பயத்துக்கு அளவேயில்லை. ஊரிலிருந்து வந்த மை தீர்ந்த நேரம் பார்த்துத்தான் கணவன் நவரட்ணம் ஒரு மைக்கட்டியைக் கொண்டுவந்தான். படச்சட்டம் அடிக்கும் கடையில் அவனுடைய பழைய முதலாளி, ஒரு ஜப்பான்காரர், கடையை விற்றுவிட்டுப் போகும்போது கொடுத்தது.

"எழுதுற மை. நல்லெண்ணெய் விளக்குப் புகையாம். மாட்டுத்தோல் காய்ச்சின பசையில குழைச்சு, வாசத்துக்குப் பச்சைக் கற்பூரம் போட்டு, இளகலா இருக்கேக்கை கையால ஒருக்காப் பொத்திப் பிடிச்சு, பிறகு சாம்பலுக்கை வைச்சுக் காயவிடுறதாம். பாரும், பிடிச்ச ஆளின்ர அஞ்சு விரலும்!" என்று கட்டியில் பதிந்திருந்த பள்ளங்களைக் காட்டிச் சிரித்தான்.

விளக்குப் புகையும் நல்லெண்ணெயும் என்றால் எங்கள் மைதானே என்று நினைத்து, அவள் அதைச் சந்தனக் கல்லில் தண்ணீர் விட்டு உரைத்தாள்.

இப்போது ஈரத்துணியால் துடைத்தாள். போகவில்லை. தேங்காய் எண்ணெய் தேய்த்தாள். ரேகை இன்னும் தெளிந்தது. அறையெல்லாம் பச்சைக் கற்பூர வாசம். அதற்கடியில் தீய்ந்த தோலின் வாடை. பிள்ளை சிணுங்கக்கூட இல்லை.

குசினிக்குப் போய் அடுப்புப் பக்கத்திலிருந்த மைப் பெட்டியைத் திறந்தாள். மைக்கட்டியில் பெருவிரல் பள்ளத்தைக் காணவில்லை. அந்த இடம் வழுவழுவென்று நிரம்பியிருந்தது. மிச்சம் நான்கு. நித்திரையில்லாதவளுக்கு எண்ணிக்கை பிழைப்பது பெரிய புதினமா என்று தன்னையே கடிந்துகொண்டு, நவரட்ணம் வேலை செய்யும் கடைக்கு ரெலிபோன் எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, உந்த மையைப் பிடிச்சது ஆர்?"

"ஆருக்குத் தெரியும்? பிடிச்ச ஆள் செத்து எத்தினை வருஷமோ. ஏன், என்ன?"

"பிள்ளையின்ர கன்னத்தில..."

கையிலிருந்த கட்டியைப் பார்த்தாள். மூன்று பள்ளங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று மெல்ல உள்ளிருந்து மேலே வந்து மட்டமாகியது.

இரண்டு.

ரிசீவர் கையிலிருந்து நழுவித் தொங்கியது. "மங்கை? மங்கை!" என்று அதற்குள் அவன் கத்தினான்.

ஓடினாள். அறையில் ஹீற்றர் நின்றுபோயிருந்தது. ஒரு சத்தமுமில்லை.

பிள்ளையின் வலது கன்னத்தில் இரண்டு கறுப்பு. அவள் பார்க்க, மூன்று. கைக்குள் இருந்த கட்டி குளிர்ந்து, வழுக்கியது. பள்ளமே இல்லை.

நான்கு.

இடது கன்னத்துப் பெருவிரலுக்கு எதிரே நான்கு விரல்கள், நான்கும் ஈரம். ஒவ்வொன்றின் கீழும் பிஞ்சுத் தோல் உள்ளே அமுங்கியது. கன்னங்கள் நெருங்கின. வாய் குவிந்தது. விரியத் திறந்த கண்கள் அம்மாவையே பார்த்தன.

பிள்ளையின் தலை, தாங்குவார் ஒருவரும் இல்லாமல், தலையணைக்கு ஒரு சாண் மேலே நின்றது.