முப்பது விநாடி வெளிச்சம்

திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்கு, கேட் தூணில் மங்கலாய் எரிந்துகொண்டிருந்த விளக்கு தானாகப் பளிச்சென்று ஏறியது. கேட்டில் யாரும் இல்லை. நாயும் இல்லை, பூனையும் இல்லை. நவம்பர் மழை விட்டு, குடிபாலா ரோடு ஈரமாகக் கிடந்தது. கேசியா டீச்சர் ஜன்னல் திரைக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு முப்பது வரை எண்ணினாள். முப்பதில் விளக்கு மங்கியது.

எண்ணுவது அவளுக்குப் பழகிய வேலை. புருஷன் ஸ்டீவனுக்குச் சத்தியவேடு பக்கம் கம்பெனி வேலை, சனிக்கிழமைதான் வருவான். தனியாய் இருப்பவளுக்குத் துணையாக கேட்டில் ஒன்று, நடுவில் குழாயடியில் ஒன்று, வாசற்படியில் ஒன்று என்று மூன்று சென்சார் விளக்குகளை மாட்டியிருந்தான். ஆள் அசைந்தால் ஏறும், இல்லாவிட்டால் முப்பது விநாடியில் மங்கி அடங்கும். மகராசி அதிலும் ஒரு வித்தை கண்டுபிடித்தாள். போன டிசம்பரில் சபையின் கேரல் பார்ட்டி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றபோது வீட்டில் கேக்கும் இல்லை, முறுக்கும் இல்லை. கதவுக்குப் பின்னால் அசையாமல் நின்றாள். கிட்டாரும் டிரம்மும் ஒரு பாட்டு முழுக்க முழங்கிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தன, விளக்கு மங்கியது, அவள் சிரித்துக்கொண்டே போய் இட்லி ஊற்றினாள். அன்றிலிருந்து வேண்டாதவர் யார் வந்தாலும் இதே வித்தைதான். விளக்கு அடங்கினால் ஆள் போயாச்சு.

ஜூனில் மல்லிகா வந்தபோதும் அப்படித்தான். பின்தெருக்காரி, மாம்பழக் கூழ் கம்பெனியில் வேலை. வந்தால் அரை மணி நேரம் கதை அளக்காமல் போகமாட்டாள். அவள் சேலையின் புளித்த மாம்பழ வாடை மறுநாள் வரை சோபாவில் நிற்கும். அன்று இருட்டும் நேரத்தில் கேட் விளக்கு ஏறியது.

"டீச்சரக்கா... கொஞ்சம் வாக்கா."

கேட் கம்பியில் வளையல் கிணுகிணுத்தது. குரல் வழக்கம்போல இல்லை என்று கேசியாவுக்குத் தெரிந்தது. தெரிந்தும் நின்றாள். விளக்கு மங்கியது. அப்பாடா என்றிருந்தது.

அரை மணி கழித்துப் பால்காரர்தான் பார்த்தார். பாம்பு கடித்த கால் வீங்கி, மல்லிகா கேட்டோரம் சுருண்டு கிடந்தாள். பால்காரர் கத்தியபோதும் கேசியா வெளியே வரவில்லை. இப்போது வந்தால், முன்பே ஏன் வரவில்லை என்று கேட்பார்களே. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவிலேயே மல்லிகாவின் உயிர் போய்விட்டது.

"நான் வூட்ல இல்லண்ணா, கொயர் பிராக்டீஸுக்குப் போயிருந்தேன்," என்றாள், மல்லிகாவின் புருஷன் பழனியிடம்.

"நீங்க இருந்திருந்தா அவள வுட்டிருப்பீங்களா, டீச்சர்?" என்று பழனி கையெடுத்துக் கும்பிட்டான்.

பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று நின்றாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அந்தக் குடும்பத்துக்காக உரக்க ஜெபித்ததும் அவள்தான். அதை நினைத்தால் இன்றும் காது வரை சுட்டது.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு ஏறியது கேட் விளக்கு அல்ல. குழாயடி விளக்கு.

ஸ்டீவனுக்குப் போன் போட்டாள்.

"லைட்டு சும்மா சும்மா ஏறுதுங்க."

"பல்லி கில்லி ஓடியிருக்கும்."

"அப்புறம் டிம் ஆயிடுது. போயிடுச்சுன்னுதானே அர்த்தம்?"

ஸ்டீவன் சிரித்தான். "போனது வந்தது அதுக்கு இன்னா தெரியும்? அசைஞ்சா ஏறும். அசையாம அங்கியே குந்திக்கினு இருந்தாலும் டிம்முதான் ஆவும்."

போனை வைத்தாள். அப்படியானால் அன்று, அவள் அப்பாடா என்றபோது, மல்லிகா போகவில்லை. அந்த மங்கல் வெளிச்சத்தில் இந்த ஜன்னலைப் பார்த்தபடியேதான் கிடந்திருக்கிறாள்.

நாளைக்குப் பழனியிடம் சொல்லிவிடுகிறேன் கர்த்தாவே, என்று முழங்காலில் நின்று பொருத்தனை செய்தாள். புதன்கிழமை காலையில் பழனி தெருமுனையில் எதிரே வந்தான், வணக்கம் வைத்தான். "துன்னீங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டு வேகமாக நடந்துவிட்டாள். தன்னை நினைக்கவே அவளுக்குக் கூசியது.

அன்று ஏழு மணிக்கு வாசற்படி விளக்கு ஏறியது.

கதவின் கீழ் இடுக்கில் வெளிச்சம் ஒரு கோடாக விழுந்தது. கோட்டின் நடுவே கொஞ்சம் இருட்டு. புளித்த மாம்பழ வாடை. கூழ் கம்பெனி மூடி மூன்று மாதமாகிறது.

கிணுகிணு.

சொல்லிவிட வேண்டும். மல்லிகா, நான் இருந்தேன். உள்ளேதான் இருந்தேன். வாயைத் திறந்தாள்.

ஆனால் உடம்பு தன் பழைய வித்தையைச் செய்தது. அசையாமல் நின்றது. எண்ணியது.

இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.

விளக்கு மங்கியது.

வாடை போகவில்லை. இடுக்கின் நடுவே இருந்த இருட்டு நகரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம், அவளைப் போலவே, அசையாமல் நின்றது.