விருந்தாளிக்கு வைத்த தண்ணீர்

நான்கு நாட்களாக எங்கள் வீட்டில் உப்பே கிடையாது. மீன் குழம்பில் இல்லை, பருப்பில் இல்லை. எல்லாம் எங்களோடு இருக்கும் ஜோலேகா சாச்சிக்காக, என் சித்தப்பாவின் மனைவிக்காக.

சாச்சிக்கு இது ஏழாம் மாதம். சனிக்கிழமை சுகாதாரப் பணியாளர் நாஸ்ரின் அக்கா வந்து சாச்சிக்கு ரத்த அழுத்தம் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"எக்கச்சக்கமா இருக்கே! இப்படியே ஏறுனா உனக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. மாத்திரையைத் தவறாம போடு. உப்பைக் குறை. ரெண்டு வாரத்துல இறங்கலேன்னா படகுல ஏத்தி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

போன பிரசவத்தின்போது அந்த ஆஸ்பத்திரியிலிருந்து சாச்சி வெறுங்கையோடுதான் திரும்பினார். அதனால் அன்று முழுக்க அழுதார். எனக்கும் பயமாக இருந்தது.

புதன்கிழமை அம்மா உலை வைத்தார். "தஹ்மினா, அடுப்பைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வாத்துகளை அடைக்கப் போனார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வாத்துகள் அம்மாவுக்கு ஆட்டம் காட்டியதை! உலைத் தண்ணீர் முழுக்க வற்றிவிட்டது.

"அடியே! கண்ணை எங்கடி வெச்சிருந்தே?"

பானையின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. சுரண்டி நாக்கில் வைத்தேன். தூ! உப்பு!

"அம்மா, உலையில உப்பு போட்டியா?"

"ஒரு கல்லுகூடப் போடல. உன் சாச்சிக்காக நானே சப்புன்னு தின்னுட்டிருக்கேன்."

"அப்ப இது குளத்துத் தண்ணியில இருந்த உப்பு!"

அம்மாவும் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

வங்கதேசக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் சாத்கிரா பக்கத்தில் நான் பிறந்த வருடம் புயல் கரையை உடைத்து, கடல் உள்ளே வந்துவிட்டது. இப்போதும் கடல் மட்டம் ஏறிக்கொண்டே போகிறது, மழையோ தள்ளிப்போகிறது. குளம் வருடத்துக்கு வருடம் அதிகமாகக் கரிக்கிறது. குடித்துக் குடித்து எங்கள் நாக்குக்குத்தான் அது தெரிவதில்லை. குழம்பில் உப்பை நிறுத்திவிட்டு, சாச்சிக்குச் செம்பு செம்பாக உப்புத் தண்ணீரைக் கொடுத்திருக்கிறோமே!

"மழைத் தண்ணி இருக்கே, அந்தத் தாழியில" என்றேன்.

"ஐயையோ, அது விருந்தாளிக்கு! வர்றவங்ககிட்ட உப்புத் தண்ணியவா நீட்டுறது? மானம் போயிடும்."

எந்த வீட்டில் கேட்டாலும் இதே பேச்சுதான். வீட்டுக்காரர்கள் குளத்துத் தண்ணீரைக் குடிப்பார்கள். நல்ல தண்ணீர் துணி கட்டிய தாழியில் விருந்தாளிக்காகக் காத்திருக்கும்.

"விருந்தாளிதான் வந்தாச்சேம்மா."

"யாரு?" அம்மா அவசரமாக முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்த்தார்.

"சாச்சி வயித்துல. வந்து ஏழு மாசம் ஆச்சு. நாம இன்னும் ஒரு வாய் நல்ல தண்ணி கொடுக்கல."

அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. தாழியின் துணியை அவரே அவிழ்த்தார்.

ஆனால் அரைத் தாழித் தண்ணீர் எத்தனை நாளுக்கு வரும்? மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். ஏழு வீட்டில் கேட்டேன், ஏழு வீட்டிலும் கொடுத்தார்கள். மோர்ஜினா மாமி மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்படி எந்த ஊரு மகாராணிடி வந்திருக்கா?"

யாரென்று சொன்னேன். மாமி கையை இடுப்பிலிருந்து எடுத்தார். குடம் வழிய வழிய ஊற்றினார். மறுநாளிலிருந்து அவரே கொண்டு வந்தார்.

இரண்டு வாரம் கழித்து நாஸ்ரின் அக்கா இரண்டு முறை அளந்து பார்த்தார். "இறங்கியிருக்கு! மாத்திரையையும் விடாதே, இந்தத் தண்ணியையும் விடாதே" என்றார்.

நல்ல மழை நாளில் பெண் குழந்தை பிறந்தது. கொழுகொழுவென்று, ஊரைக் கூட்டும் குரலோடு.

எங்கள் பக்கம் ஊர்தான் குழந்தையைப் பார்க்க வரும். சாச்சியோ நாற்பது நாள் முடிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏழு வீட்டுக்கும் தானே போனார்.

"இந்தாங்க, நீங்க தண்ணி கொடுத்த விருந்தாளி. நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும்" என்று சொல்லி ஒவ்வொருவர் கையிலும் குழந்தையைக் கொடுத்தார்.

எல்லாரும் கொஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். மோர்ஜினா மாமியிடமிருந்து குழந்தையைத் திரும்ப வாங்கத்தான் எங்களுக்குச் சாயங்காலம் ஆகிவிட்டது.