இறுக மூடிய ஃப்ளாஸ்க்

"அய்யோ...! என்னங்க! எந்திரிங்க! மூச்சே இல்லையே...!"

முதலாளியம்மாவின் அலறலில் ஐஸ்க்ரீம் ஃபேக்டரி மொத்தமும் கதிகலங்கியது.

மதியச் சாப்பாட்டுக்குப் பின், ஜன்னல் இல்லாத அந்தச் சின்ன அறையில் பாய் விரித்துக் குட்டித் தூக்கம் போடுவது பெரிய முதலாளியின் வழக்கம். இன்று எழுந்திருக்கவே இல்லை. உடம்பில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

முதலில் ஓடி வந்தது அவருடைய தம்பி, சின்ன முதலாளி.

"அண்ணி, வெளியே வாங்க! யாரும் உள்ள வராதீங்க!"

உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

அழுவதற்கு அல்ல...

பாய்க்குப் பக்கத்து அலமாரியின் பின்னால், தானே கொட்டி வைத்த டிரை ஐஸில் மிச்சத்தை அள்ளுவதற்கு!

அது தண்ணீராகாது. சொட்டு ஈரம் விடாது. கட்டியிலிருந்து நேராக வாயுவாகி, தரையோடு தவழ்ந்து, தூங்குகிறவன் மூச்சை அடைத்துவிடும். எல்லாம் ஆவியாவதற்குள் அண்ணி வந்து கதவைத் திறப்பாள் என்று யார் கண்டது?

மூச்சைப் பிடித்துக்கொண்டு, உறைகுளிரில் விரல்கள் வெந்துபோக, வெறுங்கையால் துண்டுகளை வாரித் தன் ஃப்ளாஸ்க்கில் போட்டார். மூடியை மட்டும் லூசாக வைத்தார். டிரை ஐஸை இறுக மூடினால் வாயு போக வழியில்லாமல் வெடிக்கும். அந்த ஃபேக்டரியில் எடுபிடிக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது.

'ஃபேக்டரியை உன் மச்சான் கையிலயா கொடுக்கறே? இப்ப யார் கையில கொடுக்கறேன்னு பார்க்கறேன், அண்ணே!'

ஃப்ளாஸ்க் காருக்குள் போனது. அவர் காரை எடுப்பதற்குள் போலீஸ் வந்து, வாசலில் நின்ற வண்டிகளை எல்லாம் வளைத்துக்கொண்டது.

சாயங்காலம். ஆபீஸ் அறை. எதிரே இன்ஸ்பெக்டர்.

"விரல்ல என்ன சின்னவரே, கொப்புளம்?"

"அது... ஃப்ளாஸ்க்ல இருந்து டீ கொட்டிடுச்சு சார்."

"அடடா! இந்த ஃப்ளாஸ்க்தானே? உங்க கார்ல இருந்துச்சு."

மேசை மேல் வைத்தார். சின்னவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"மூடி லூசா இருக்கு. பின்னே கொட்டாம என்ன செய்யும்?"

இன்ஸ்பெக்டர் மூடியைத் திருகினார். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் திருகினார்!

"சா... சார்! அவ்வளவு இறுக்கமா வேணாம்..."

"ஏன்? டீ ஆறிடுமே!"

ஜன்னல் திட்டில், வெயில் விழுகிற இடத்தில், சின்னவரின் காதுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஒரு சந்தேகம். ஐஸ் உருகித் தண்ணியாகும். தண்ணி கொதிச்சு ஆவியாகும். டிரை ஐஸ் மட்டும் நடுவுல தண்ணியே ஆகாதாமே?"

"ஆ... ஆமா சார்."

"ஆவியாயிட்டா ஏகப்பட்ட இடம் கேக்குமாமே? கிடைக்கலேன்னா?"

சின்னவரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. திறந்தால் வெள்ளைப் புகை கிளம்பும்... கையில் விலங்கு! திறக்காவிட்டால்... தலையே இருக்காது!

"நிதானமா யோசிங்க. எனக்கு அவசரமே இல்லை."

டக்!

இன்ஸ்பெக்டர் பேனாவால் மேசையைத் தட்டினார். சின்னவர் காதில் அது ஃப்ளாஸ்க்கிலிருந்து கேட்டது.

"வெடிக்கப் போகுது...! டிரை ஐஸ் சார்! அந்த ரூம்ல இருந்து அள்ளினது! படுங்க!"

ஃப்ளாஸ்க்கைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே வீசிவிட்டு, மேசைக்கடியில் பாய்ந்தார்.

வெளியே ணங்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

மெல்ல எட்டிப் பார்த்தார். மூடி உடைந்து, சிமெண்ட் தரையில் டீ ஓடிக்கொண்டிருந்தது. சுடச்சுட!

"கார் வெயில்லயே நின்னுச்சா... நான் திறந்தப்போ ஃப்ளாஸ்க் காலி. எல்லாம் காத்தோட போயிடுச்சு. உள்ளே மட்டும் ஐஸ் மாதிரி ஜில்லுன்னு இருந்துச்சு; அதான் சந்தேகப்பட்டு, டீயை ஊத்தி வெச்சேன். என் கையில ஒரு சாட்சியும் இல்லை, சின்னவரே! நீங்க பேசாம உட்கார்ந்திருந்தா, நானே மாரடைப்புன்னு கேஸை மூடியிருப்பேன்."

வாசலில் அண்ணி நின்றாள். எல்லாம் கேட்டுவிட்டாள்.

"பாவி... உனக்கு ஊட்டி வளர்த்தது அவர் கைடா!"

சின்னவரால் நிமிர முடியவில்லை. அண்ணன் செத்ததிலிருந்து அப்போதுதான் முதல் முறையாக அவருக்கு அழுகை வந்தது.

இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாகத் தரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"யோவ் கான்ஸ்டபிள்! வேற டீ சொல்லு. இவருக்கும் ஒண்ணு சேர்த்துக்கோ... இனிமே இவர் சாப்பாட்டுச் செலவு அரசாங்கத்தோடதுதானே!"