கறுப்புத் திரையில் ஒற்றை வரி

மாலை ஆறு இருபது. அம்மா கணினியைப் போட்டாள். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே நின்றது. மேல் மூலையில் வெள்ளையாக ஒரே ஓர் ஆங்கில வரி: தேடிய கோப்பு கிடைக்கவில்லை.

"ஏய், இங்க வா. என்னடி இது?"

ஓடிப்போய்ப் பார்த்தேன்.

அம்மா மருத்துவப் புத்தகங்களுக்குப் படம் வரைபவள். பல மாதங்கள் வேலையில்லாமல் இருந்து, இப்போதுதான் ஒரு பதிப்பகம் முழங்கால் பற்றிய அத்தியாயத்தைக் கொடுத்திருந்தது. படங்கள் இரவு எட்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். மதியமே வரைந்து முடித்து, மாலையில் ஒருமுறை சரிபார்த்து அனுப்பலாம் என்று விட்டிருந்தாள். எல்லாம் அந்தப் பெட்டிக்குள்.

அதே பெட்டியில் நானும் குடியிருந்தேன். இரண்டு இயங்குதளங்கள்: விண்டோஸ் அம்மா பக்கம், லினக்ஸ் என் பக்கம். கணினியைப் போட்டதும் யார் பக்கம் போக வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். அதைக் காட்டுகிற சின்ன நிரலுக்கு வீட்டில் காவலாளி என்று பெயர். "என் பக்கம் கை வச்சேன்னா உன் பக்கத்தையே தூக்கிடுவேன்" என்ற நிபந்தனையில்தான் அம்மா இடம் கொடுத்திருந்தாள்.

அன்று மதியம் என் பக்கத்தைத் துடைத்துவிட்டுப் புதிய லினக்ஸை நிறுவியிருந்தேன்.

"என்னத்தையோ நோண்டியிருக்க."

"என் பக்கம் மட்டும்தாம்மா."

"என் படமெல்லாம் இருக்கா, போச்சா?"

"தெரியல."

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "முதல் வேலையே லேட்டுன்னா அடுத்தது தர மாட்டாங்க" என்றாள், என்னிடம் இல்லை, திரையிடம்.

ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தலாமா என்று விரல் துடித்தது. தப்பாக அழுத்தினால் இருப்பதும் போய்விடும். கையைக் கட்டிக்கொண்டு, மதியத்திலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, போட்டோகிராபர். லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவையும் தன் வெளி ஹார்ட் டிஸ்க்கையும் கொண்டுவந்திருந்தார். நான் பயந்தாங்கொள்ளி என்பதால் முதலில் அம்மாவின் படங்களை அவர் டிஸ்க்கில் நகல் எடுத்தேன். அந்த டிஸ்க்கும் கணினிக்குள் இருப்பதும் மாமா ஒரே கடையில் ஜோடியாக வாங்கியவை. ஒரே கம்பெனி, ஒரே அளவு. பிறகு, 'வெளியே செருகியதை முதலில் பார், அப்புறம் உள்ளே' என்று கணினியின் அமைப்பை மாற்றிவிட்டு, பென்டிரைவிலிருந்து நிறுவ ஆரம்பித்தேன். நடுவில் ஒரு கேள்வி வந்தது: புதிய காவலாளி எந்த டிஸ்க்கின் முன் விளிம்பில் உட்கார வேண்டும்? கோப்புகள் இருக்கும் பகுதிக்கு வெளியே, டிஸ்க்கின் தொடக்கத்தில் அவனுக்குக் கொஞ்சம் இடம் போதும். முதல் வரியைத் தேர்ந்தெடுத்தேன். நிறுவி முடிந்ததும் பென்டிரைவை உருவி மேசையில் வைத்தேன். அணைத்துப் போட்டேன். இரண்டு பக்கமும் திறந்தன.

திறந்த கணினி பிறகு ஏன் செத்தது?

முதல் சந்தேகம் என் தம்பி மேல். பெயரே வாலு.

"கணினியைத் தொட்டியா?"

"நான் ஏன் தொடறேன்?"

"கீபோர்டுல பிஸ்கட் தூள்."

"கொஞ்ச நேரம் கார் ஓட்டினேன். நீ குளிக்கப் போனப்ப."

"எந்தப் பக்கம்?"

"அம்மா பக்கம். கார் அங்கதானே இருக்கு."

"நல்லா வந்துச்சா?"

"வந்துச்சு. மாமாதான் போதும் அணைடான்னாரு. ஒழுங்காத்தான் அணைச்சேன், சத்தியமா!" உதடு பிதுங்கியது.

அவனை விட்டுவிட்டேன். அவன் அணைத்ததிலிருந்து அம்மா போடும்வரை அந்த அறைக்குள் இருந்தது மாமா மட்டும்தான். போன் போட்டேன்.

"மாமா, கிளம்பும்போது கணினியை என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலயே குட்டி. அது அணைஞ்சு கிடந்துச்சு. என் டிஸ்க்கை உருவிட்டு, பென்டிரைவையும் எடுத்துட்டு வந்தேன். ஏன்?"

அம்மா போனைப் பிடுங்கினாள். "டேய், அதுல என் படத்தோட நகல் இருக்கு. உடனே கொண்டு வாடா."

மாமாவின் குரல் இறங்கியது. "அக்கா, நாளைக்கு ஷூட்டிங். இடம் பத்தலன்னு இப்பதான் ஃபார்மேட் பண்ணேன். எல்லாம் நல்லா ஓடுதுன்னு குட்டி சொன்னாளே."

சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அம்மா என்னைப் பார்க்காமல் போனை நீட்டினாள். திரையில் அந்த வரி மட்டும் அசையாமல் இருந்தது. தேடிய கோப்பு கிடைக்கவில்லை.

யார் தேடுகிறார்கள்?

டிஸ்க் செத்திருந்தால் அந்த வரியே வந்திருக்காது. யாரோ உயிரோடு உட்கார்ந்து எதையோ தேடுகிறார்கள். புதிய காவலாளிக்கு மதியம் எல்லாம் கிடைத்தது. அப்படியானால் இவன் உள்ளே இருக்கும் டிஸ்க்கின் பழைய காவலாளி. என் பக்கத்தில் இருந்த தன் கோப்புகளை நான் துடைத்தது தெரியாமல் தேடிக்கொண்டிருக்கிறான். அப்போது புதியவன் எங்கே?

உருவிட்டு வந்தேன் என்றாரே மாமா!

"மாமா! வெறும் ஃபார்மேட் மட்டும்தானே? டிஸ்க்கைப் பகுதி பகுதியா பிரிச்சிருக்கற பார்ட்டிஷனைக் கலைக்கலயே?"

"வழக்கம்போல ரைட் கிளிக், ஃபார்மேட். அவ்வளவுதான்."

"அதுக்கு மேல தொடாதீங்க. ரெண்டையும் எடுத்துட்டு ஓடி வாங்க!"

"காலி டிஸ்க்கை வச்சு என்னடி பண்ணப் போற?" என்றாள் அம்மா. நான் நினைப்பது தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. வாசலுக்குப் போய் மாமா வருகிறாரா என்று பார்த்தேன்.

ஏழரைக்கு மாமா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். டிஸ்க்கைச் செருகிக் கணினியைப் போட்டேன். கறுப்பு. இன்னும் கறுப்பு. வாலு என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான்.

பட்டியல் வந்தது.

அம்மா பக்கம் திறந்தது. படங்கள் அத்தனையும் இருந்தன. எட்டு அடிப்பதற்குச் சற்று முன்னால் கடைசிப் படமும் போய்ச் சேர்ந்தது. அம்மா அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப சொல்லு. யார் பண்ண வேலை?"

"நான்தாம்மா. பயந்து நகல் எடுத்தேன்ல, அந்த டிஸ்க்கை உருவாமலே நிறுவ ஆரம்பிச்சுட்டேன். பட்டியல்ல ரெண்டு டிஸ்க்கும் ஒரே பேரு, ஒரே அளவு. முதல் வரி நம்மளோடதுன்னு நினைச்சேன். அது மாமாவோடது. காவலாளி அங்க போய் உட்கார்ந்துட்டான். வெளியில இருக்கறதை முதல்ல பாருன்னு சொல்லி வச்சிருந்ததால, அது செருகி இருந்தவரைக்கும் எல்லாம் ஓடுச்சு."

"அப்போ நான் நிரபராதி" என்றார் மாமா.

"நீங்க காவலாளியைப் பையில போட்டுட்டுப் போனவரு."

"ஆள் கடத்தல்!" என்றான் வாலு.

அம்மா சிரிக்கவில்லை. "அதான் உன் மாமா எல்லாத்தையும் அழிச்சுட்டானே. அப்புறம் எப்படி வந்துச்சு?"

"ஃபார்மேட் கோப்பு இருக்கற பகுதியைத்தான் துடைக்கும். காவலாளி இருக்கறது அதுக்கு முன்னாடி, விளிம்புல. துடைப்பம் அங்க போகல."

"இவன் டிஸ்க் இல்லாம ஓடணும். இப்பவே சரி பண்ணு."

என் பக்கம் போய், காவலாளியை மறுபடி உட்கார வைக்கும் கட்டளையைக் கொடுத்தேன். அதே கேள்வி. அதே இரண்டு வரிகள். இந்த முறை இரண்டுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஒன்றில் ஒரே பகுதி, அதுவும் காலி. மற்றதில் பல பகுதிகள், நிறைந்து கிடந்தன. நிறைந்ததில் விரலை வைத்துவிட்டு நிறுத்தினேன்.

"இதுதானா?" என்றாள் அம்மா.

"இதுதான்."

"அப்புறம் என்ன, அழுத்து."

அழுத்தினேன். முடிந்ததும் கணினியை அணைத்து, மாமாவை டிஸ்க்கை உருவச் சொன்னேன். மறுபடி போட்டேன். பட்டியல் வந்தது, இரண்டு பெயர்களோடும்.

மாமா போய்விட்டார். வாலு தூங்கிவிட்டான். நான் மட்டும் பூனை மாதிரி எழுந்து போய் அணைத்துப் போட்டுப் பார்த்தேன். வந்தது. படுத்தேன், தூக்கம் பிடிக்கவில்லை. மறுபடி போய்ப் பார்த்தேன். அப்போதும் வந்தது. மூன்றாவது தடவை கதவருகே போனபோது அறைக்குள் ஏற்கெனவே திரை வெளிச்சம் தெரிந்தது.

அம்மா உட்கார்ந்து பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வருதாம்மா?"

"வருது" என்றாள் திரும்பாமல். "இன்னும் ஒரு தடவை பார்த்துட்டுப் படுக்கலாம், வா."