நீர் மாளிகை, இரண்டாம் பாகம்

"கேசட் போச்சு, சார். எடுத்தது யாருன்னும் எனக்குத் தெரியும். நீங்க எழுதிக் குடுத்தாப் போதும்" என்றாள் நேபெச்சி, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

ஒனிச்சா நகரத்தின் இவேகா சாலையில், வீடியோப் பட வியாபாரிகள் சங்கத்தின் மாடி அறை அது. கீழே வரிசையாகக் கேசட் கடைகள். ஒரு கடைத் தொலைக்காட்சியில் பேய் அலறும்போது பக்கத்துக் கடையில் போர் முரசு கொட்டும். இரண்டும் கலந்து படியேறி வரும். போலீஸ் வேலையை விட்டு வந்த எமேனிகே அந்த இரைச்சலிலும் மெதுவாகத்தான் பேசுவார். சங்கத்துக்காகத் திருட்டு நகல் போடுகிறவர்களைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. அவருக்குத் துணை கோசி; எல்லோரையும் போல அவளும் அவரை 'ஓகா', அதாவது ஐயா, என்பாள். போன மாதம் ஆற்றுக்கு அக்கரையில் திருட்டு நகல் கிடங்கு ஒன்றை மோப்பம் பிடித்தது கோசிதான். ஆனால் சந்தை முழுவதும் "எமேனிகே பிடித்துவிட்டார்" என்றுதான் பேசியது. அதை நினைத்தால் இன்னமும் அவளுக்கு நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்தது போலிருக்கும்.

"உக்காருங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் எமேனிகே.

நேபெச்சி இயக்கிய முதல் படம் 'நீர் மாளிகை'. பழங்காலத்து அரசி ஒருத்திக்கும் ஆற்றிலிருந்து எழுந்து வரும் தேவிக்கும் நடக்கும் பகை. இரண்டு பாகங்களையும் சேர்த்தே எடுத்தார்கள். முதல் பாகம் சக்கைப்போடு போட்டது. இரண்டாம் பாகம் வரும் திங்கட்கிழமை வெளிவர வேண்டும். இப்போது அதன் மூலக் கேசட்டைக் காணவில்லை. வேறு பிரதியும் இல்லை. படம் பிடித்த நாடாக்களை அடுத்த படத்துக்காக அழித்தாகிவிட்டது. சிக்கனத்துக்காக எல்லோரும் செய்வதுதான்.

"எடிட்டிங் ரூம் அலமாரியில வெறும் பெட்டிதான் இருந்துச்சு. கூடவே இது." படத்தின் கேசட் அட்டை ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

அட்டையில் பாதிக்கு மேல் நதி தேவியின் முகம். முகமெங்கும் வெள்ளைச் சுண்ணம், தலையில் சிப்பிக் கிரீடம். இரண்டு கண்களும் ஆணியால் குத்தப்பட்டிருந்தன. மற்றபடி அட்டை கசங்கவில்லை. காது மடலின் நுனி மட்டும் இரண்டாகப் பிளந்தாற்போல் தெரிந்தது. அச்சுக் கோளாறு என்று கோசி நினைத்தாள். கீழ் மூலையில், பவள மணிகளும் காதை மறைக்கும் தலைத்துணியுமாக, அரசியின் சின்ன முகம்.

"தேவியா நடிச்சது சோம்டோ. புதுப்பொண்ணு. அரசி உகமாகா ஆன்ட்டி. இருபது வருஷமா நடிக்கிறவங்க. மூஞ்சி மூலையில வந்தா எரியாதா?" நேபெச்சி தன் கைப்பையிலிருந்து ஒரு சிவப்பு மணியை எடுத்து அட்டைமேல் உருட்டிவிட்டாள். "இதுவும் அலமாரியில கிடந்தது. அரசியோட மாலையில உள்ள மணி."

"அட்டையில யாரை எங்க போடறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணீங்களா?"

"எங்க சார், நான் படம் எடுக்க ஆத்தங்கரை தேடி அனாம் பக்கம் அலைஞ்சிட்டிருந்தப்பவே, பணம் போட்ட முதலாளி அவசரப்பட்டு அட்டையை அச்சுக்கு அனுப்பிட்டாரு. படம் எடுக்கறதுக்கு முன்னாடி அட்டை. இந்த ஊர்ல அப்படித்தானே."

"ம்."

"சனிக்கிழமை கமிட்டி கூடுது. உங்க அறிக்கை இல்லாம தடை போட முடியாதாம். ரெண்டு வருஷத் தடை, சார். அதுக்குக் குறைஞ்சு நான் ஒத்துக்க மாட்டேன்."

சங்கம் தடை போட்டால் எந்த வியாபாரியும் அந்த நடிகையை வைத்துப் படம் எடுக்க மாட்டான். ஐம்பதைத் தாண்டிய உகமாகாவுக்கு இரண்டு வருடம் என்பது ஆயுள் முழுவதும் என்று பொருள். அது கோசிக்குத் தெரியும். ஆனாலும் அவள் மனம் துள்ளியது. மணி, கண்கள், மூலையில் முகம். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. இந்த முறை ஓகாவுக்கு முன்னால் தான் சொல்லிவிடலாம்.

எமேனிகே அட்டையை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். "இதை யாருக்கும் காட்டல இல்ல?"

"உங்களுக்குத்தான்."

நேபெச்சியின் காரிலேயே எடிட்டிங் அறைக்குப் போனார்கள். பின்சீட்டில் பாதியை ஒரு பெரிய சாக்குமூட்டை அடைத்திருந்தது. அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நார்ப்பாவாடை கோசியின் விலாவைக் குத்தியது.

"தள்ளிக்கங்க சிஸ்டர். எல்லாம் அரண்மனை உடுப்பு, மாலை. வைக்க முதலாளி ஒரு இடம் தர மாட்டேங்கறாரு. ஷூட்டிங் முடிஞ்ச அன்னிலேர்ந்து இந்த மூட்டை என்கூடத்தான் குடித்தனம் நடத்துது."

எடிட்டர் அனாயோ கண்கள் சிவந்து உட்கார்ந்திருந்தான். அட்டையைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்ததும் அவன்தான். "ஓகா, ஆவிப் படம் வெட்டறவன் நான். ஆவி எடுத்திருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் எடுத்திருக்கும். இது மனுஷன் வேலை."

"கேசட் காணாமப் போன அன்னிக்கு யார் யார் வந்தாங்க?"

"குரல் சேர்க்க உகமாகா ஆன்ட்டி வந்தாங்க, சோம்டோ வந்துச்சு. டைரக்டர் மேடம் வந்தாங்க. கரண்ட் போச்சுன்னு நான் ஜெனரேட்டரை இழுக்கக் கீழ போனேன். அலமாரி திறந்துதான் இருந்துச்சு. திரும்பி வந்தப்போ மூணு பேரும் கிளம்பியாச்சு."

சோம்டோ அங்கேயே ஒரு கண்ணாடி முன்னால் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். கோசி அவளிடம், "அட்டையில நீங்க அப்படியே தண்ணிக்குள்ளேர்ந்து வந்த மாதிரி இருக்கீங்க" என்றாள்.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க" என்ற சோம்டோ உதட்டுச் சாயத்தை மூடினாள்.

அங்கிருந்து இருவரும் மட்டும் போனபோது உகமாகா தன் வீட்டு முற்றத்தில் சோளம் சுட்டுக்கொண்டிருந்தார். தலைக்குக் குளித்திருந்ததால் தலைத்துணி கட்டவில்லை. அவருடைய இடது காது மடல் பிளந்திருப்பதை கோசி அப்போதுதான் பார்த்தாள். எப்போதும் துணியை இறக்கிக் கட்டுவது அதனால்தான் போலும் என்று எண்ணிக்கொண்டாள்.

"கேசட் கிடைச்சிருச்சா?" அவர்தான் முதலில் கேட்டார். "வெயில்ல வச்சிட்டாங்கன்னா நாடா சுருங்கிப் போயிடும். மழையில நனைஞ்சா பூஞ்சை புடிக்கும். எங்க வச்சிருக்காங்களோ."

"இன்னும் கிடைக்கல, ஆன்ட்டி. நீங்கதான் எடுத்தீங்கன்னு பேச்சு" என்றார் எமேனிகே.

"பேசுவாங்க. எனக்குப் பொறாமை இல்லன்னு சொன்னா வாய் வெந்துடும். அந்தப் பொண்ணு தண்ணிக்குள்ளேர்ந்து எழுந்து வர்ற காட்சியப் பாத்துட்டு அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல. அந்த வயசுல எனக்கு வேலைக்காரி வேஷம்தான் குடுத்தாங்க." சோளத்தைத் திருப்பிப் போட்டார். "ஆனா அந்தக் கேசட்டுக்குள்ள நானும்ல இருக்கேன். என் கழுத்த நானே அறுத்துக்குவேனா? இந்தா, சூடா இருக்கு, ஊபே பழமும் எடுத்துக்க."

வரும் வழியில் கோசியால் அடக்க முடியவில்லை. "ஓகா, அவங்களே ஒத்துக்கிட்டாங்க. பொறாமைன்னு அவங்க வாயாலேயே சொன்னாங்க. நான் அறிக்கை எழுதிடட்டுமா?"

எமேனிகே ஊபேயின் கொட்டையைத் துப்பினார். "பொறாமைய ஒத்துக்கிறவங்க கண்ணைக் குத்துவாங்களா? கோசி, நேபெச்சி இன்னிக்கு நம்மகூட எவ்வளவு நேரம் இருந்தா. ஒரு தடவையாவது கேசட் எங்கன்னு கேட்டாளா?"

கோசி யோசித்தாள். மணியைப் பற்றிச் சொன்னாள், முகத்தைப் பற்றிச் சொன்னாள், தடையைப் பற்றி விடாமல் சொன்னாள். கேசட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"யாருன்னு எனக்குத் தெரியும். ஏன்னுதான் விளங்கல. தான் பெத்த படத்தைத் தானே எதுக்கு ஒளிச்சு வைக்கணும்? அது எனக்கு எட்டல" என்றார் எமேனிகே.

கேசட் விற்கும் பையன்கள் சாலையோரத்தில் கூவிக்கொண்டிருந்தார்கள்: "உகமாகா படம், உகமாகா படம், முதல் பாகம்." கோசி நின்றுவிட்டாள். போன மாதம் இதே சந்தை தன் பெயரை விட்டுவிட்டு எமேனிகேயின் பெயரைச் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது.

"எனக்கு எட்டுது, ஓகா" என்றாள். சொல்லலாமா என்று தயங்கினாள். பிறகு கிடங்கு விஷயத்தையும் சேர்த்துச் சொன்னாள்.

சனிக்கிழமை காலை கமிட்டி அறையில் சங்கத் தலைவருக்கு எதிரே நேபெச்சி, உகமாகா, சோம்டோ, அனாயோ நால்வரும் உட்கார்ந்திருந்தார்கள். எமேனிகே அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். உகமாகா எட்டிப் பார்த்துவிட்டு மூச்சை இழுத்துக்கொண்டார்.

"சோம்டோ, இந்த முகம் யாரு?"

சோம்டோ நகத்தைப் பார்த்தாள். "நான் இல்ல. இந்த போட்டோ எடுத்தப்போ என்னைப் படத்துக்கு எடுக்கவே இல்ல. எல்லாரும் நான்தான்னு பாராட்டுனாங்க. நான் மறுக்கல, அவ்வளவுதான்."

"அனாயோ?"

"உகமாகா ஆன்ட்டி, ஓகா. அரசி போட்டோவுக்கு ஸ்டூடியோ வந்தாங்க. தேவிக்கு ஆள் கிடைக்கல, அச்சகத்துல அவசரம்னாங்க. மூஞ்சில சுண்ணம் பூசி இவங்களையே எடுத்தோம். எவனுக்குத் தெரியப்போகுதுன்னு."

எமேனிகே தலைவர் பக்கம் திரும்பினார். "காதைப் பாருங்க. பிளந்த மடல். ஆன்ட்டி துணியை விலக்கினா அதே காது இருக்கும். இப்ப யோசிங்க. மணியை அலமாரியில போட்டவங்களுக்கு ஒரே ஒரு எண்ணம்தான்: அரசி வந்து பொறாமையில தேவியோட கண்ணைக் குத்தினான்னு நாம நம்பணும். ஆனா ஆன்ட்டி தன் கண்ணைத் தானே குத்திக்க மாட்டாங்க. சோம்டோவுக்கும் அனாயோவுக்கும் அது ஆன்ட்டி முகம்னு தெரியும். அவங்க ஆன்ட்டி மேல பழி போடணும்னா வேற வழி பாத்திருப்பாங்க, 'இது என் போட்டோ'ன்னு ஆன்ட்டி ஒரு வார்த்தை சொன்னா பழி கலைஞ்சிடுமே. அப்போ குத்தினது, இது சோம்டோன்னு நிஜமாவே நம்பின ஒருத்தர். போட்டோ எடுத்தப்போ ஊர்ல இல்லாத ஒருத்தர்."

யாரும் நேபெச்சியைப் பார்க்கவில்லை. அவள் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மணி அரசி மாலையோடது. அந்த மாலை ஷூட்டிங் முடிஞ்சதுலேர்ந்து ஒருத்தர் கார்லதான் இருக்கு. அது இருக்கற உடுப்பு மூட்டை கோசிய வழியெல்லாம் குத்திக்கிட்டே வந்துச்சு." எமேனிகே உட்கார்ந்தார். "ஏன்னு கண்டுபிடிச்சது நான் இல்ல. கோசி சொல்லட்டும்."

கோசி எழுந்தாள். "மேடம், சந்தையில பசங்க இது உகமாகா படம்னு கூவறாங்க. உங்க பேரு எந்தக் கடையிலயும் கேக்கல. அந்த எரிச்சல் எனக்கும் தெரியும். அதனாலதான் சொல்றேன்."

நேபெச்சி அட்டையைத் தன்னிடமிருந்து தள்ளி வைத்தாள். "எங்கம்மா படத்தைப் பாத்துட்டு, இதுல நீ எந்த வேஷம்னு கேட்டாங்க" என்றாள். குரலில் அழுகை இல்லை. வறண்ட கோபம்தான் இருந்தது. "நான் ஆக்‌ஷன்னு சொன்னா எல்லாரும் திரும்பி ஆன்ட்டியத்தான் பாப்பாங்க. லைட்டுக்காரன்கூட. இவங்க தலையாட்டினாத்தான் காட்சி நடக்கும். ரெண்டு வருஷம் இவங்க இல்லாம இருந்தா, அப்பவாவது ஒரு படம் என் படமா இருக்கும்னு நெனச்சேன். கேசட் பத்திரமாத்தான் இருக்கு. எங்கம்மா வீட்டுல, பைபிளுக்குப் பின்னாடி. நாளைக்கு நானே கண்டுபிடிச்ச மாதிரி கொண்டுவந்திருப்பேன்."

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "அப்ப தடை உனக்குத்தான் போடணும். ரெண்டு வருஷம், நீயே கேட்டது."

"வேண்டாம்" என்றார் உகமாகா.

"ஆன்ட்டி, உங்க பொழப்பையே கெடுக்கப் பாத்திருக்கா."

"கெடுக்கத்தான் பாத்தா. எனக்கு இங்கேயே அவளை ரெண்டு அறை அறையணும்போலத்தான் இருக்கு. ஆனா இவளைத் தடை பண்ணிட்டா, இரண்டாம் பாகத்தையும் என் படம்னுதான் விப்பீங்க. நான் எடுக்காத படத்துக்கு எனக்குப் பேரு வேண்டாம்." நேபெச்சியின் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "ஏண்டி, எல்லாரும் என்னப் பாத்தாங்கன்னு சொல்றியே, ஏன் பாத்தாங்க தெரியுமா? முதல் நாள் அரண்மனைக் காட்சியில நான் கத்தி கத்தி நடிச்சேன். நாடகக் கொட்டகை மாதிரி. எனக்கே தெரிஞ்சுது. 'இது சரியில்ல, மறுபடி'ன்னு நீ சொல்லுவேன்னு காத்திருந்தேன். நீ சொல்லல. கடைசி நாள்வரைக்கும் ஒரு தடவைகூடச் சொல்லல."

"பயமா இருந்துச்சு, ஆன்ட்டி."

"எனக்கும்தான். சொல்ல ஆள் இல்லாம, தப்போ சரியோ நானே தலையாட்டிக்கிட்டேன்."

தலைவர் கமிட்டிக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் கூரையைப் பார்த்தார்கள்; தடைக்கு ஒருவரும் கை தூக்கவில்லை. கீழே யாரோ ஜெனரேட்டரை இழுத்துவிட, கரண்ட் போனதால் நின்றிருந்த ஒரு பேயின் அலறல் விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கியது.

நேபெச்சி எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள். வாசல்வரை போனவள் நின்றாள்.

"அந்த அரண்மனைக் காட்சி" என்றாள், திரும்பாமலேயே. "கத்தினது ஜாஸ்தின்னு எனக்கும் அப்பவே தெரியும்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல" என்றார் உகமாகா. "சரி, எப்படி இருந்திருக்கணும்? போயிட்டு வந்து சொல்லு. கேசட்டைத் துணியில சுத்தி எடுத்துட்டு வா."