கொக்கின் கழுத்து

செல்போன் அலறியது!

பறவை ஆய்வாளர் முஸ்பிறா இடுக்கியைக் கீழே வைத்தாள். மேசை மேல் ரத்தம் காய்ந்த இறகுகள்... கூடவே ஒரு நீண்ட கழுத்து!

"பொதி கிடைச்சிச்சா மிஸ்?" விமான விபத்து விசாரணை அதிகாரி பவிதரன்.

"ஓம் சேர். என்ஜினுக்குள்ள இருந்து எடுத்ததெல்லாம் இதானே?"

"ஓம். பறவை மோதித்தான் விழுந்ததெண்டு நீங்க எழுதினா ஃபைலை மூடிருவம். செத்த விமானி நிதர்சன்ட மனிசி சுஜித்தாதான் நம்பமாட்டன் எண்டு நிக்கிறா. என்ஜின் சத்தம் சரியில்லையெண்டு முதல்நாளே அவர் சொன்னவராம்."

"ஒரு மணித்தியாலம் தாங்க சேர்."

இறகுகளைச் சவர்க்காரத் தண்ணீரில் அலசினாள். தலைமயிர் உலர்த்தும் மெஷினால் காய வைத்தாள். நுணுக்குக்காட்டியில் கண் பதித்தாள்.

உண்ணிக்கொக்கு! சம்மாந்துறை வயல்களில் உழவு மெஷினுக்குப் பின்னால் நடந்து திரியும் அதே கொக்கு.

சரி... கழுத்தைத் திருப்பினாள்.

விளக்கை நெருக்கினாள்!

குரல்வளையில் ஒரே வெட்டு. விமான விசிறி அடித்தால் சதை கிழியும், எலும்பு நொறுங்கும். இப்படி அளவாக அறுபடாது... கல்முனைச் சந்தைக் கோழிக்கடையில் பார்க்கிற வெட்டு இது!

கதவு திறந்தது.

காக்கா இஹ்ஸான், அவளுடைய அண்ணன். கையில் புரியாணிப் பார்சல். நிதர்சனின் விமானத்துக்கு மெக்கானிக் அவன்தான். மூன்று வருஷமாக இந்த ஆய்வுகூடத்தை எட்டியும் பார்க்காதவன்!

"சாப்பிட்டியா புள்ள? என்ன குருவியாம்?"

"கொக்கு."

"அப்ப சரி! கொக்கு மோதி விழுந்ததெண்டு எழுதிடு. அல்லாஹ்ட நாட்டம். நாம என்ன செய்யேலும்?"

முஸ்பிறா அவன் முகத்தையே பார்த்தாள்.

"மோதல்ல காக்கா. ஆரோ பொறகு கொண்டுவந்து திணிச்சிரிக்கான். அதுவும் கழுத்தத் திருகி... துடிக்கத் துடிக்கக் கொன்னிரிக்கான் பாவி. ஹராமா!"

"சும்மா கதைக்காத! ஆரு திருகின? பிஸ்மில்லாஹ் சொல்லி, கிப்லாப் பக்கம் திருப்பித்தான் அறுத்த..."

பாதியில் நாக்கு நின்றது.



"கொக்குக்கு பிஸ்மில்லாஹ் சொன்னீங்க..." அறுபட்ட கழுத்தை அவன் முன் தூக்கிக் காட்டினாள். "நிதர்சனுக்கு என்ன சொன்னீங்க?"

"ஒயில் பைப்ல வெடிப்பு... நாளைக்கு மாத்துவம் எண்டு நெனச்சன் புள்ள. என்ன மறியல்ல போட்டா என்ட புள்ளைகள்ட கதி? ஒரே ஒரு வரி எழுது. ஒன்ட கூடப்பிறந்தவன்டி நான்!"

"சுஜித்தாக்கும் ரெண்டு புள்ள காக்கா."

மடிக்கணினியை இழுத்தாள். தட்டினாள்.

'பறவை மோதவில்லை. கத்தியால் அறுக்கப்பட்டு, பிறகு உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது.'

பவிதரனின் முகவரியைப் போட்டாள்...

அனுப்பிவிட்டாள்!

இஹ்ஸான் கதிரையில் சரிந்தான். முஸ்பிறா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்சலை அவன் பக்கம் தள்ளினாள்.

"சாப்பிடுங்க காக்கா... இந்தக் கோழியும் முறைப்படி அறுத்ததாத்தான் இரிக்கும்!"