கடைசி ஜாயிண்ட் ஓனர் கையில்

குமிழைக் கடைசிவரை திருகியும் அந்த 'உஸ்' வரவில்லை.

யுகேந்திரன் ஹெட்ஃபோனைக் கழற்றி வயர் சரியாகச் செருகியிருக்கிறதா என்று பார்த்தான். செருகித்தான் இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் அலுமினியப் பெட்டியின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. பாட்டு எதுவும் போடாமல், ஒலியை முழுக்க ஏற்றி, அடியில் எவ்வளவு இரைச்சல் கேட்கிறது என்று பார்ப்பதுதான் ஹெட்ஃபோன் ஆம்ப் என்ற இந்த ஒலிபெருக்கிப் பெட்டியை வைத்திருக்கும் கிறுக்கர்களின் பரீட்சை. எவ்வளவு உசத்தியான பெட்டியாக இருந்தாலும் மழை தூரத்தில் பெய்வதுபோல மெல்லிய இரைச்சல் ஒன்று இருந்தே தீரும். அதைக் குறைக்கத்தான் மூன்று வருடமாகப் பேட்டரியை மாற்றினான், சிப்பை மாற்றினான், குமிழைக்கூட மரத்தில் கடைந்து போட்டான். மனைவி ரூபினி அந்தப் பெட்டிக்குச் 'சக்களத்தி' என்று பெயர் வைத்திருந்தாள்.

இன்று இரைச்சல் துளியும் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு, பினாங்கின் ஜெலுத்தோங் அடுக்குமாடியின் ஏழாவது மாடியில், தன் அறையில் தனியாக உட்கார்ந்து அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"ராமதாஸ் அண்ணே, நீங்க மனுஷனே இல்ல," என்று போனில் தட்டி அனுப்பினான்.

ராமதாஸுக்கு மெசேஜ்தான் அனுப்ப முடியும். இரண்டு வருடமாக அவருக்குக் காது ஏறக்குறையப் போய்விட்டது. ஆயர் ஈத்தாமில் தனியாக இருந்தார். சொந்த மகளின் கல்யாணத்தில் மேளச் சத்தம் கேட்காமல் மற்றவர்கள் அட்சதை தூவுவதைப் பார்த்துத் தானும் தூவியவர். ஆனால் பினாங்குத் தீவில் ஆம்ப் வைத்திருக்கும் பத்துப் பதினைந்து தமிழ்ப் பையன்களுக்கும் அவர்தான் வைத்தியர். மின்னலையைக் கோடாகக் காட்டும் ஸ்கோப்பின் திரையில் நெளியும் கோட்டைப் பார்த்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யார் வேலை செய்துகொடுத்தாலும் கடைசி ஜாயிண்டைப் பெட்டியின் சொந்தக்காரன்தான் பற்றவைக்க வேண்டும். பின்னால் எரிந்துபோனால் ஒருவரை ஒருவர் குறை சொல்லக்கூடாது என்பதற்காக. போன ஞாயிறு ராமதாஸ் ஒரு சிவப்பு வயரைக் காட்டி, "கடைசி ஜாயிண்ட் ஓனர் கையில," என்று சால்டரிங் அயர்னை நீட்டினார். வயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று யுகேந்திரன் கேட்கவில்லை. அவரிடம் அப்படியெல்லாம் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தான். ஈயம் உருகி, மினுங்கி, இறுகியது. அவர் அவன் தோளைத் தட்டினார்.

ஹெட்ஃபோனை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தான். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான்கு வருடமாக ஒவ்வொரு சுற்றுக்கும் 'கீச்' என்று கத்துகிற விசிறி அது. இப்போது கத்தவில்லை.

ரூபினி துவைத்த துணியோடு உள்ளே வந்தாள். "இந்த ஃபேனுக்கு எப்போதான் எண்ணெய் விடப்போறீங்க? ஹாலு வரைக்கும் கேக்குது லா."

அவன் விசிறியை அண்ணாந்து பார்த்தான். இறக்கைகள் சுற்றின. காற்று முகத்தில் பட்டது. சத்தம் இல்லை.

கடலுக்கு அக்கரையில், பிறை ஊர் ஃபேக்டரியில் எட்டு மணிநேரம் இயந்திரங்களுக்கு நடுவே நிற்கிற காது, கொஞ்சம் களைத்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். மறுநாள் வேலை முடிந்து, பாலத்தைக் கடந்து, ஈரச் சட்டையோடு வீடு வந்து, மறுபடியும் பெட்டியைச் சோதித்தான். அந்தச் சுத்தமான மௌனத்தைக் கேட்க ஆசையாக இருந்தது. கீழே ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து ஹாரன் அடிக்கும் நேரம். ஹெட்ஃபோனைக் கழற்றியபோது சன்னல் வழியே பார்த்தான். ரொட்டிக்காரரின் கட்டைவிரல் ஹாரன் பொத்தானை அமுக்கி அமுக்கி விட்டது. பிள்ளைகள் ஓடிவந்தார்கள். அவர்களின் கூச்சல் கேட்டது. ஹாரன் மட்டும் கேட்கவில்லை.

புதன்கிழமை மழை. கீழே தகரக் கூரைமேல் தண்ணீர் தெறித்துச் சிதறுவதைக் கண்ணால் மட்டும் பார்த்தான். அன்றும் சோதித்திருந்தான்.

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுக் காது டாக்டரிடம் போனான். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, மெல்லிய 'பீப்' கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். எல்லா 'பீப்'பும் கேட்டது. இருபது வயதுப் பையனின் காது என்று டாக்டர் பாராட்டினார். வெளியே வந்து மோட்டாரை நிறுத்திய இடத்திலேயே வெகுநேரம் நின்றான். பயம் அப்போதுதான் வந்தது. காது கெடவில்லை. சத்தங்கள்தான் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. அவன் சோதித்த நேரத்தில் எது கேட்டுக்கொண்டிருந்ததோ, அது.

அவன் முதலில் நினைத்தது மகளை. தஷ்வினிக்கு மூன்று வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. பயிற்சிக்குக் கூட்டிப்போய், சாமியிடம் வேண்டி, சொந்தக்காரர்களின் விசாரிப்புக்குப் பயந்து விசேஷங்களைத் தவிர்த்து, இப்போது இரண்டு மாதமாகத்தான் வார்த்தைகள் வருகின்றன. பால். பூனை. லிஃப்ட். வேணாம். அம்மாவும் வந்துவிட்டது. 'அப்பா' மட்டும் இன்னும் வரவில்லை. வரும், அவசரப்படுத்தாதீர்கள் என்று பயிற்சி டீச்சர் சொல்லியிருந்தார். அந்த நாட்களில் அவன் அழுது தீர்த்தது ராமதாஸிடம் மட்டும்தான். ரூபினியிடம் சொல்ல முடியாததையெல்லாம் அவருக்கு எழுதுவான். 'வேற எந்தச் சத்தம் போனாலும் பரவால்லண்ணே, அவ அப்பான்னு கூப்பிடுறத மட்டும் கேட்டுறணும்' என்று ஒருநாள் எழுதினான். அவர் ஒரு கும்பிடு போட்டு அனுப்பியிருந்தார்.

அதற்குப் பிறகு பெட்டியைத் தொடவில்லை. துணியில் சுற்றி அலமாரி மேல் வைத்தான்.

சனிக்கிழமை காலை போன் அடித்தது. திரையில் ராமதாஸ் பெயர். மெசேஜ் இல்லை. அழைப்பு.

"அண்ணே? நீங்களா? கேக்குதா?" என்று கத்தினான்.

"ஏன் கத்துற தம்பி? மெதுவாவே பேசு. நல்லா கேக்குது."

யுகேந்திரனுக்கு மகிழ்ச்சி பொங்கியது. ஒரு விநாடி. அவ்வளவுதான்.

"உன் வீட்டு ஃபேனுக்கு எண்ணெய் விடு லா," என்றார் ராமதாஸ். "கீச்சு கீச்சுன்னு. எனக்குத் தூக்கமே இல்ல."

அவர் ஒருநாளும் இந்த வீட்டுக்கு வந்ததில்லை.

"அண்ணே..."

"ரொட்டிக்காரன் ஹாரன். தகரத்து மேல மழை. எவ்வளவு நாளாச்சு தம்பி." அவர் குரல் உடைந்தது. உண்மையாகவே அழுதார். "நீ நல்லா இருக்கணும்."

"என்னண்ணே செஞ்சீங்க?"

"நான் என்ன செஞ்சேன்? கடைசி ஜாயிண்ட் நீதானே போட்ட. நீயா குடுக்காம எதுவும் வராது."

எதிர்முனையில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ரொம்ப அன்பாகக் கேட்டார்.

"ரெண்டு மூணு நாளா டெஸ்ட் பண்ணலயே, ஏன்? பாப்பா இப்போ என்னென்ன பேசுது?"

போனை அணைத்துவிட்டான். பயத்தைவிட வேறொன்று பெரிதாக வலித்தது. நம்பினேனே. இந்த மனுஷனிடம்தானே எல்லாவற்றையும் கொட்டினேன். எது என் உயிர் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேனே.

ரூபினி சமையலறையில் இருந்தாள். தஷ்வினி ஹாலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியைக் கீழே இறக்கினான். நான்கு திருகாணி. மூடி வந்தது.

அந்தச் சிவப்பு வயரை முதல்முறையாக விரலால் தொட்டுக்கொண்டே போனான். ஹெட்ஃபோனுக்குச் சத்தம் வெளியே போகும் வழியில் அது இல்லை. ஹெட்ஃபோனிலிருந்து உள்ளே வரும் வழியில் இருந்தது. ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டினால் அதுவே மைக் ஆகிவிடும் என்பது இந்தத் தொழில் கொஞ்சம் தெரிந்த எவனுக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். பெட்டி அவனுக்குப் பாட்டுப் பாடவே இல்லை. அவன் காதோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அந்த வாசலைத் திறந்த ஈயம் அவன் கையால் உருகிய ஈயம்.

உடைத்துப் போடலாம் என்று சுத்தியலை எடுத்தான். உடைத்தால் போனது போனதுதான். வயரைத் திருப்பிப் போட்டால்? உள்ளே போனதெல்லாம் வெளியே வராதா?

அயர்ன் சூடேறியது. பழைய ஜாயிண்டை உருக்கி எடுத்தான். வயரைத் திருப்பினான். புது ஈயம். புகை. மினுங்கியது. இறுகியது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் செய்த வேலையைச் சோதிக்காமல் மூடுகிற பழக்கம் அவனுக்கு இல்லை. அவர்களில் எவனுக்குமே இல்லை. வேலை சரியா என்று தெரிய ஒரே ஒரு வழிதான் அவர்களுக்குத் தெரியும். வீட்டில் குழந்தை தூங்குகிறாள், கதவு சாத்தியிருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். ஹெட்ஃபோனை மாட்டினான். பாட்டு எதுவும் போடவில்லை. குமிழைத் திருகினான்.

முதலில் ஒன்றும் இல்லை.

பிறகு, எங்கோ ஆழத்திலிருந்து, கீச். கீச். அவன் வீட்டு விசிறி. அதன் பின்னால் ஹாரன். அதன் பின்னால் தகரத்தில் மழை. வருகிறது. திரும்பி வருகிறது. கண்ணை மூடிக்கொண்டான். இன்னும் திருகினான். மழைக்குப் பின்னால் இன்னொன்று இருந்தது. மெல்லியது. மூச்சு. யாரோ மூச்சை அடக்கி அடக்கி விட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.

மடியில் பாரம்.

கண்ணைத் திறந்தான். தஷ்வினி. தூக்கக் கலக்கத்தில், கலைந்த தலையோடு, எப்போது எழுந்து வந்தாளோ. அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஹெட்ஃபோன் கிண்ணத்தில் வாயை வைத்தாள்.

கழற்றுவதற்குள் பேசிவிட்டாள்.

மழை நின்றது. ஹாரன் நின்றது. எல்லாம் நின்றது.

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தான். மகளின் உதடுகள் அசைந்தன. சிரித்தாள். கையைத் தட்டினாள், தட்டியது கேட்டது. மறுபடி வாயைத் திறந்தாள். ஒன்றும் இல்லை.

"பேசும்மா. பேசு. பேசு!"

ரூபினி ஓடிவந்தாள். "ஏங்க பிள்ளையப் போட்டு உலுக்குறீங்க? பூனை பூனைன்னு கத்திக்கிட்டுத்தானே இருக்கா. காது கேக்கலயா உங்களுக்கு?"

அவள் பேசியது ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

ஆயர் ஈத்தாம் சாலையில் சனிக்கிழமைக் கூட்டம். பெட்டி சட்டைப் பையில் இடித்துக்கொண்டே வந்தது. கெஞ்சுவதா கழுத்தைப் பிடிப்பதா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனான். ராமதாஸ் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உச்சி வெயில் ஹாலில் விழுந்திருந்தது. காதுக்கருவிகளைக் கழற்றி வைத்துவிட்டு, அவர் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"உள்ள வா தம்பி. செருப்புச் சத்தம் போடாத."

"அண்ணே." காலில் விழுந்தான். "மத்ததெல்லாம் நீங்களே வச்சிக்குங்க. என் காதையே எடுத்துக்குங்க. அத மட்டும் குடுத்துருங்கண்ணே. உங்கள நம்பித்தானே எழுதினேன்."

"ஷ்ஷ்." ராமதாஸ் உதட்டில் விரலை வைத்தார். "பாப்பா பேசுது."

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ரூபினி. வீடியோ அழைப்பு.

"எங்க போனீங்க? சீக்கிரம் வாங்க. இவ செவுத்தப் பார்த்து யாரோடயோ பேசிக்கிட்டு இருக்கா. எனக்குப் பயமா இருக்கு."

திரையில் தஷ்வினி. வெற்றுச் சுவருக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். தலையைச் சாய்த்து எதையோ காதுகொடுத்துக் கேட்டாள். வாய் அசைந்தது.

"அப்படியா?" என்றார் ராமதாஸ். "அப்புறம் பூனை எங்க போச்சு?"

திரையில் அவள் குலுங்கிச் சிரித்தாள். சுவரைக் கைகாட்டினாள். வாய் அசைந்தது. ராமதாஸ் தலையாட்டினார். அவன் திருப்பிப் போட்ட வயர் வழியே அவர் குரல் அவளிடம் போய்க்கொண்டிருந்தது.

அவள் கொஞ்சம் யோசித்தாள். வாய் திறந்தது. உதடுகள் ஒட்டின. மறுபடி திறந்தன.

"ஐயோ!" ரூபினி அலறினாள். அழுதாள். சிரித்தாள். "ஏங்க, சொல்லிட்டா! அப்பான்னு சொல்லிட்டா! கேட்டீங்களா? கேட்டீங்களா?"

ராமதாஸின் மூடிய கண்களிலிருந்து கண்ணீர் வழிந்தது.

"சொல்லும்மா," என்றார்.

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். திரையில் தஷ்வினி எழுந்து நின்றாள். தூக்கிக்கொள்ளச் சொல்லி, சுவரை நோக்கித் தன் இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.